ஓடத்தோடு உடன்போனவர்கள்

கார்த்திகைத் தீபத்தைத் தரிசித்த மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடும் யாத்திரிகர்கள், மலையுச்சியில் அந்தத் தீபம் 11 நாட்கள் எரியும் என்பதை அறிந்தே போகிறார்கள். ஆயினும் தீபத்தை அடுத்த மூன்று இரவுகளில், அதன் ஒளிக்குக் கீழே, ஐயங்குளம் என்று ஊரார் வழங்கும் தீர்த்தத்தில், முதல் நாள் சந்திரசேகரரும், மறுநாள் பராசக்தி அம்மனும், மூன்றாம் நாள் சுப்பிரமணியரும் தெப்பலேறிப் பவனி வரும் காட்சியைக் காணும் பாக்கியம் அவர்களில் சிலருக்கே கிட்டுகிறது. தெப்போற்சவம் என்பது புத்தக வழக்கு. திருவண்ணாமலையில் எங்களுக்கு அது தெப்பல்தான்.

இரவில் தீபாலங்காரத்தோடு மிதக்கும் தெப்பலை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் விரும்பிப் பார்ப்பது பகலில் அதைக் கட்டுகிற வேலையை. வெற்றுப் பீப்பாய்களை வரிசையாகக் கிடத்தி, மேலே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கயிற்றால் இறுக்கிப் பிணைக்கிறார்கள். ஓர் ஆண்டு நான் படித்துறையில் அமர்ந்திருந்தபோது, அவர்களுள் மூத்தவராகக் காணப்பட்ட ஒருவர், ஒவ்வொரு பீப்பாயையும் பிணைக்குமுன் அதன் வயிற்றில் விரற்கணுவால் இருமுறை தட்டிக் காதைத் தாழ்த்திக் கேட்டார், ஒலியில் ஐயம் தோன்றிய ஒன்றைத் தனியே உருட்டிச் சென்று, நீரில் அமிழ்த்திப் பிடித்து, குமிழி கிளம்புகிறதா என்று மூச்சடக்கிப் பார்த்தார், குமிழி வந்தது, அந்தப் பீப்பாயைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டார். எல்லாம் முடிந்த பின் தாமே முதலில் ஏறி, நான்கு மூலைகளுக்கும் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் குதிகாலை ஊன்றி நின்றார். இரவு சுவாமி எழுந்தருளிச் சுற்று முடிந்து இறங்கும் வரையில் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டத்தில் எல்லாரும் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கண் நீர்மட்டத்திலேயே இருந்தது.

கட்டிக் கொடுத்தவன் கரையிலேயே நிற்க வேண்டும் என்ற இந்த நியமம் எங்கிருந்து வந்தது என்று அன்று தொடங்கிய சிந்தனைதான் இந்தக் கட்டுரை. கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓடத்தின் சரித்திரத்தை எழுதுவது பொருந்துமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். பிறவியையே கடலாகவும் இறைவனைப் புணையாகவும் பாடிப் பழகிய நாடு இது. சீகாழியில் சிவபெருமானுக்குத் தோணியப்பர் என்றே திருநாமம். கடலைக் காணாத உழவனும் கரையேறுவது, கரைசேர்ப்பது என்ற சொற்களால்தான் தன் சுகதுக்கங்களைப் பேசுகிறான்.

தீபத் திருவிழாவையொட்டி எங்கள் ஊரில் கூடும் மாட்டுச் சந்தை பிரசித்தமானது. அங்கே தரகர் ஒரு துண்டைக் கையின்மேல் போர்த்திக்கொண்டு, வாங்குபவரின் விரல்களைத் துண்டுக்கடியில் பற்றி அழுத்தி விலை பேசுவார். வாய் ஊர்வம்பு பேசும், விரல்கள் வியாபாரம் பேசும். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பணம் கைமாறிய பின் விற்றவருக்கும் மாட்டுக்கும் உள்ள பந்தம் அற்றுவிடுகிறது. அதில் தோஷமும் இல்லை, ஏனெனில் மாட்டின் குறை தரையில் தெரியும், தெரிந்த பின்னும் வாங்கியவர் வீட்டுக்கு நடந்தே வந்து சேரலாம். ஓடத்தின் குறையோ கரையில் தெரிவதில்லை. நட்டாற்றில், திரும்ப முடியாத இடத்தில், கேட்பாரற்ற நேரத்தில் தெரியும். ஆகையால், ஓடம் விற்பவருடைய நாணயம் மாடு விற்பவருடைய நாணயத்தினின்றும் வேறு ஜாதியைச் சேர்ந்தது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

இதை நான் முதன்முதலில் கற்றது ஒரு பரிசல் வாங்கிய போது. என் இளமைக் காலத்தில், எங்கள் பக்கத்து ஏரி நிரம்பிய ஓர் ஆண்டில், நண்பர்கள் நால்வர் பணம் சேர்த்து ஒரு பரிசல் வாங்குவதென்று முடிவு செய்து, தென்பெண்ணை ஆற்றோரத்தில் பரிசல் பின்னும் ஒருவரைத் தேடிப் போனோம். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கூடை முடைவதுபோல் வட்டமாக முடைந்து, முற்காலத்தில் மாட்டுத் தோலும் பிற்காலத்தில் சாக்கும் தாருமாக அடிப்புறத்தை மூடும் அந்தக் கைத்தொழிலை அவர் தம் தகப்பனாரிடம் கற்றவர். நாங்கள் விலையைக் கேட்டோம். அவர் விலையைச் சொல்லவில்லை.

“ஏரியிலயா, ஆத்துலயா தம்பி?” என்றார்.

“ஏரியிலதான் அண்ணே.”

“எத்தினி பேரு ஏறுவீங்க? இவருக்கு நீச்சல் தெரியுமா?” என்று எங்களுள் இளையவனைச் சுட்டினார். அவனுக்குத் தெரியாது. “அப்போ இவரு கத்துக்கிட்டு வரட்டும். அப்புறம் விலை பேசலாம்.”

மூன்று வாரம் சென்று நாங்கள் திரும்பப் போனபோது, அவனை ஆற்றில் இறக்கி நீந்தச் சொல்லிப் பார்த்த பிறகே அவர் பரிசலைக் கொடுத்தார். ஒற்றைத் துடுப்பால் தள்ளினால் பரிசல் தன்னையே சுற்றும், முன்னால் நீரைத் தன்பக்கம் வாரி இழுத்தால்தான் நேராகப் போகும் என்பதை எங்களுக்குப் பழக்கிவிட்டார். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன், நாங்கள் சொல்லியனுப்பாமலே, தார்ச்சட்டியோடு எங்கள் தெருவுக்கு வந்து, பரிசலைக் கவிழ்த்து, மூங்கில் முனை குத்தியிருந்த இடங்களையெல்லாம் தடவிப் பார்த்து அடைத்துவிட்டுப் போனார். கூலி கேட்கவில்லை, வற்புறுத்திக் கொடுத்தபோது தாரின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து நானும் ஒரு நண்பரும் நகரத்துக் கடையொன்றில் இழைக்கண்ணாடியாலான சிறு படகு வாங்கினோம். பணம் எண்ணி வாங்கும் வரையில் இனிய உபசாரம். படகு வந்திறங்கியபோது சுக்கானைப் பிணைக்கும் திருகாணிகள் இல்லை. எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்தக் கடையின்மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் பரிசல்காரரின் முகம் அப்போது என் கண்முன் வந்து நின்றது என்பது உண்மை.

பரிசல்காரர் கேட்ட கேள்விகள் அவருடைய தனிப்பட்ட நற்குணத்தால் மட்டும் பிறந்தவையல்ல; அவற்றின் பின்னே ஒரு சாஸ்திர பரம்பரையே இருந்தது. தரங்கம்பாடியில் தோன்றிய ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சிறு நூலைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சிட்டு வெளியிட்டது. கப்பலின் முதுகெலும்பாகிய ஏராவுக்கு மரம் தேர்வது, அதன் நீள அகலங்களை வகுப்பது, ஏரா வைக்க நல்ல நாள் பார்ப்பது, மரத்தின் எந்த இடத்தில் கணு இருந்தால் கப்பலுக்கும் உடையவனுக்கும் என்ன பலன் என்பது ஆகியவற்றை அது கூறுகிறது. கணுவுக்கும் கப்பலுடையவனின் செல்வத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இக்காலத்து இளைஞர்கள் வினவக்கூடும். ஏராவில் கணு உள்ள இடம் பலவீனமானது. அலை முறுக்கும்போது மரம் அங்கேதான் பிளக்கும். பிளந்தால் கப்பல் போகும், கப்பலோடு செல்வமும் போகும். தச்சர் அறிந்த உண்மையைக் கப்பல் செய்விக்கும் செட்டியாரும் மறக்காதபடி சொல்வதற்குச் சோதிடத்தைவிட அக்காலத்தில் வலிய பாஷை வேறு இருந்ததாகத் தோன்றவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே சுவடியை நடுவில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பழைய விசுவாசம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் நெஞ்சில் ஆறாத வடு ஒன்று உண்டு. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், ரூ. 25 வீதம் 40,000 பங்குகளாகப் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தோடு, வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். முதலில் அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குப் பேசி ஓட்டினார். போட்டியாளரான ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதல் வந்ததும் கப்பல் கொடுத்தவர்கள் வாக்கை மறந்து கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்துக்கொண்டே, கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் திரும்பேன் என்று சங்கல்பம் செய்துகொண்டு வடக்கே புறப்பட்டுப் போய், 1907இல் அவர் கம்பெனிக்காகப் பெற்றவைதாம் ‘காலியா’வும் ‘லாவோ’வும். ஆங்கிலக் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்ததையும், பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்து ஆள் சேர்த்ததையும், சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்ட பின் ‘காலியா’ அந்தப் பகைக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்ததையும் எழுதுகையில் இன்றும் கை தயங்குகிறது.

அதற்கு 30 ஆண்டுகள் சென்று, அதே கடலின் அக்கரையில், இதற்கு நேர்மாறான ஒரு வியாபாரம் நடந்தது. அதைத் தமிழ்நாட்டில் அறிந்தவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே இருக்கும் வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். அங்குள்ளோர் தம் ஊரிலேயே கப்பல் கட்டி, தம் ஊர்த் தண்டயல்களை, அதாவது மாலுமித் தலைவர்களை, அமர்த்தி, நாகப்பட்டினம் முதலிய சோழமண்டலத் துறைகளுக்கும், வங்கக் கடலைக் கடந்து இரங்கூனுக்கும் அக்கியாபுக்கும் போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தார்கள். அவ்வூரின் பெரிய சிவன் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் திருமேனியார் வேங்கடாசலம் பிள்ளை என்னும் கப்பலுடைமையாளரே. கடலில் ஈட்டிய பொருள் கற்றளியாயிற்று. இவ்வூரில் 1930இல், வேப்பமரத்தால், ஏறக்குறைய 90 அடி நீளத்தில், இரட்டைப் பாய்மரத்தோடு கட்டப்பெற்ற கப்பலின் பெயர் ‘அன்னபூரணி’. முன்மரத்தில் குறுக்குப் பருமல்களில் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நெடும்பாய். வங்கக் கடலின் பருவக்காற்றுக்கென்றே வகுக்கப்பட்ட சரக்குக் கப்பல் அது.

அதை வாங்க வந்தவர் கப்பல் அறியாதவரல்லர். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 1928இல் 32 அடிப் படகொன்றில் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டு, 1931இல் உலகத்தை வலம் வந்து அதே துறைமுகத்தில் இறங்கியவர். அந்தப் படகுக்கு அவர் இட்டிருந்த பெயர் ‘ஸ்வாப்’. கனவு என்ற பொருளில் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. பசிபிக் தீவுகளின் ஓடங்களையும் செங்கடலின் பாய்க்கலங்களையும் நேரில் கண்டு எடைபோட்ட கண்கள் அவருடையவை. 1930களின் நடுவில், பால் பிரண்டனின் நூலைப் படித்துவிட்டு மேல்நாட்டார் ஒவ்வொருவராக எங்கள் ஊருக்கு ரமணரைத் தேடி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், ராபின்சன் இலங்கைக்கு வந்து கப்பலைத் தேடினார். மரக்கப்பல் கட்டுவதில் பேர்போன நியூ இங்கிலாந்துக் கரை அவருடைய நாட்டிலேயே இருந்தது. அங்கே எத்தனையோ பட்டறைகள் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றை விட்டு, ஆங்கிலமும் வரைபடமும் அறியாத மேஸ்திரிகள் கடற்கரை மணலில் நிறுத்திக் கட்டிய ‘அன்னபூரணி’யை அவர் தேர்ந்துகொண்டார். தம் மனைவியின் பெயரால் அதற்கு ‘பிளாரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மறுபெயர் சூட்டினார்.

விலை பேசினார்கள், பணம் கைமாறிற்று, பெயரும் மாறிற்று. இத்துடன் வியாபாரம் முடிந்தது என்று வல்வெட்டித்துறையார் கருதியிருந்தால் அவர்களை யார் குறைகூற முடியும்? ஆனால் கப்பலோடு கப்பலின் மாலுமிகளும் போனார்கள். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில், அவ்வூர்த் தமிழ் மாலுமிகள், 1937இல் இலங்கைக் கரையை விட்டுப் புறப்பட்டு, ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று காற்றையும் பாயையும் நம்பி ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளூஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டார்கள். வேப்பம்பலகைகளின் இடுக்கை அடைக்கும் கலப்பற்று வங்கக் கடலில் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அட்லாண்டிக்கின் குளிரில் எப்படி இருக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. கயிறு எங்கே தேயும், வங்கு என்னும் விலாமரம் எங்கே முனகும், எந்தப் பலகையின் இடுக்கில் முதலில் நீர் கசியும் என்று காதாலும் காலாலும் அறிந்தவர்கள் உடனிருந்தாலன்றி அந்தப் பிரயாணம் நிறைவேறியிருக்காது. ஐயங்குளத்தில் பீப்பாயைத் தட்டிக் கேட்டவர் கரையில் நின்றார். இவர்கள் கப்பலிலேயே நின்றார்கள். விற்பனைக்குப் பிந்திய சேவை என்று இன்று கடைகளில் அச்சடித்துக் கொடுக்கிறார்களே, அதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்தவரையில் நம் சரித்திரத்தில் இல்லை.

குளூஸ்டர் என்பது சாமானியத் துறைமுகமன்று. தலைமுறை தலைமுறையாக மரக்கப்பல்களில் போய் வடகடலில் மீன்பிடித்து வந்த மக்களின் ஊர். அங்கே ஒரு கப்பலைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குணதோஷங்களைச் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்குப் பத்துப்பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், தலைப்பாகையும் வெயில் காய்ந்த மேனியுமாக வந்திறங்கிய தமிழ் மாலுமிகளையும் அவர்கள் கொணர்ந்த கப்பலையும் பற்றிப் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. ராபின்சன் பின்னர் தமக்கென்று 1942இல் கட்டுவித்து, போர் முடிந்ததும் தகீதிக்கு ஓட்டிச் சென்ற ‘வருவா’ என்னும் 70 அடிக் கப்பலும், முன்மரத்தில் சதுரப் பாய் விரித்த இரட்டைப் பாய்மரக் கப்பலே. அதன் வடிவத்துக்குப் பெரிய நிபுணர்கள் துணை நின்றார்கள். ஆயினும் அந்த முன்மரத்தைப் படத்தில் காணும்போதெல்லாம் ‘அன்னபூரணி’யின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை என்றே நான் கொள்கிறேன்.

கப்பல் போனதுபோல் நம்முடைய சொல்லொன்றும் முன்னமே போயிருந்தது. சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரத்தோடு மரத்தைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரத்தை, 1697இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி ஏறக்குறைய அதே பெயரால் குறித்தார். 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெர்ரஷாப் இரண்டு ஒடுங்கிய உடல்களை இணைத்துக் கட்டிய படகு நியூயார்க்குப் பந்தயத்தில் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளியது. அந்த வகைப் படகுக்கு நாளடைவில் இப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று மேல்நாட்டில் உல்லாசப் பிரயாணத்துக்குச் சிறு படகு வாங்கக் கடையேறுகிறவன், அறிந்தோ அறியாமலோ, ஒரு தமிழ்ச்சொல்லைச் சொல்லித்தான் விலை கேட்கிறான். நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது, வெறும் மரங்களின் பிணைப்பு என்பதும், அதைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் காயவைப்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

வல்வெட்டித்துறையின் கப்பல் வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1942இல் இரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வியாபாரம் அறுந்தது. அதன்பின் வந்த எல்லைகளும் சுங்கங்களும் பாய்க்கப்பல்களைக் கரையில் ஏற்றிவிட்டன. தமிழ்க் கரையில் மரத்தோணிகள் இன்னும் அடியோடு மறையவில்லை. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளைப் பழைய துறைமுகத்தில் இன்றும் காணலாம். ஏரா, வங்கு, பருமல், ஆஞ்சான், கலப்பற்று என்ற சொற்களை அகராதியில் தேடாமல் வாயால் சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய காலத்துக்குள் அச்சொற்களையும், மரம் பார்க்கும் முறையையும், வாங்க வருகிறவரிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் யாரேனும் அருகிலிருந்து எழுதி வைக்க வேண்டும். கல்லூரிகளில் தமிழும் சரித்திரமும் பயிலும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது இதைத்தான்.

தீபத்துக்கு வருகிற அன்பர்களிடம் ஒரு வார்த்தை. மறுநாளே திரும்பிவிடாதீர்கள், முடிந்தால் மூன்று நாள் தங்குங்கள். தெப்பல் இரவில் நடந்தாலும், பிற்பகலிலேயே ஐயங்குளத்துப் படித்துறைக்கு வந்து, கட்டுகிறவர்களுக்குச் சற்று எட்ட அமர்ந்து, அவர்கள் பீப்பாயைத் தட்டும் ஓசையைக் கேளுங்கள்.